எண் தெரியவில்லை என்றால் தோல்வியா?

மே மாதத்தில் ஒரு நாள், காலை மணி ஒன்பதைத் தொட்டதும், தமிழ்நாட்டில் பல லட்சம் விரல்கள் ஒரே வேலையைச் செய்கின்றன. பதிவெண்ணைத் தட்டுகின்றன, பிறந்த தேதியைத் தட்டுகின்றன, பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கின்றன. சிலருக்கு அடுத்த நொடியே மதிப்பெண் பட்டியல் வந்துவிடுகிறது. வேறு சிலருக்குத் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்துவிட்டது, நமக்கு மட்டும் வரவில்லை என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "ஒருவேளை நம் எண் இல்லையோ?" என்ற ஐயம் எழுகிறது.

இந்த ஐயத்துக்கு அடிப்படை உண்டா? திரையில் முடிவு தாமதமாவதற்கும் நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? கொஞ்சம் இயற்பியலையும் கொஞ்சம் எண்கணிதத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு இதை ஆராய்ந்து பார்ப்போம்.

நாளிதழும் திரையும்

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் அணி மாணவர்கள் 1980-இல் பிளஸ் டூ பொதுத் தேர்வு எழுதினார்கள். அக்காலத்தில் தேர்வு முடிவு என்றால் அது நாளிதழில்தான் வரும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் பதிவெண்கள் அச்சாகியிருக்கும். தேறியவர்களின் எண்கள் மட்டுமே அதில் இருக்கும். பட்டியலில் எண் இருந்தால் தேர்ச்சி, இல்லையென்றால் தேர்ச்சியில்லை. அதாவது, ஓர் எண் அங்கே இல்லாததே ஒரு செய்தி.

உங்கள் பெற்றோரில் பலர் இப்படித்தான் தங்கள் முடிவைத் தெரிந்துகொண்டார்கள். எண் கண்ணில் படாவிட்டால் நெஞ்சு திடுக்கிடும் பழக்கம் நம் குடும்பங்களில் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இணையதளம் நாளிதழைப் போன்றதன்று. நாளிதழில் அச்சான பக்கம் எல்லாருக்கும் பொதுவானது. இணையதளத்திலோ ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு கேள்வி கேட்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை வரவேண்டும். விடை வரவில்லை என்றால், நம் கேள்வி இன்னும் கவனிக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். தேறியவருக்கும் தேறாதவருக்கும் விடை ஒரே வழியில், ஒரே வேகத்தில்தான் வருகிறது.

விடை கடந்துவரும் பாதை

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? உங்கள் கைபேசி ஒரு சிறு செய்தியை மின்காந்த அலையாக அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்புகிறது. கோபுரத்திலிருந்து அது பெரும்பாலும் ஒளியிழை வழியாகப் பயணம் செய்கிறது. வழியில், நீங்கள் தட்டிய இணைய முகவரி எந்தக் கணிப்பொறியைக் குறிக்கிறது என்று சொல்லும் பெயர்ப் பதிவேடு ஒன்றைக் கலந்துகொள்கிறது. பிறகு, மதிப்பெண்கள் சேமிக்கப்பட்டிருக்கும் கணிப்பொறியை அடைகிறது. கேட்பவர்களுக்கெல்லாம் விடை கொடுக்கும் இந்தக் கணிப்பொறியை சர்வர் என்கிறோம். சர்வர் உங்கள் பதிவெண்ணைத் தேடி எடுத்து, பிறந்த தேதி பொருந்துகிறதா என்று பார்த்து, மதிப்பெண்களைத் திருப்பி அனுப்புகிறது.

இந்தப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 ஆகையால், இழைக்குள் அந்த வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. நீங்கள் கன்னியாகுமரியில் இருப்பதாகவும், சர்வர் 700 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருப்பதாகவும் கொள்வோம். ஒளி அங்கே போய்ச் சேர 3.5 மில்லிநொடி போதும். போய்த் திரும்ப 7 மில்லிநொடி. இணைப்பை ஏற்படுத்தவும் செய்தியைப் பூட்டி அனுப்பவும் சில முறை போய்வர வேண்டும். அப்படியும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எனவே தொலைவு குற்றவாளியன்று. சென்னை மாணவருக்கு முடிவு முந்தி வரும், கன்னியாகுமரி மாணவருக்குப் பிந்தி வரும் என்பதெல்லாம் இல்லை.

அப்படியானால் மதிப்பெண்களின் அளவு மிகப் பெரியதோ? அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வை ஏறத்தாழ 7 லட்சத்து 92 ஆயிரம் பேர் எழுதினார்கள். எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய பெயர், பதிவெண், ஆறு பாடங்களின் மதிப்பெண், கூட்டுத்தொகை ஆகிய எல்லாவற்றையும் 250 எழுத்துகளில் எழுதிவிடலாம். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கொண்டால், மாநிலம் முழுவதற்கும் 20 கோடி பைட். அதாவது 200 மெகாபைட். உங்கள் கைபேசியில் இருக்கும் படங்களும் பாட்டுகளும் இதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்!

தொலைவும் இல்லை, அளவும் இல்லை என்றால், தாமதம் எங்கிருந்து வருகிறது? எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதிலிருந்துதான்.

ரேஷன் கடை வரிசை

ஒரு ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்குப் பொருள் எடைபோட்டுக் கொடுக்கச் சராசரியாக இரண்டு நிமிடம் ஆகிறது. ஆகவே ஒரு மணி நேரத்தில் 30 பேருக்குக் கொடுக்கலாம். மணிக்கு 29 பேர்தான் வருகிறார்கள் என்றால் வரிசையே இராது என்று தோன்றும். ஆனால் நடைமுறை அப்படியில்லை. மக்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அளந்து வைத்தாற்போல் வருவதில்லை. சில சமயம் ஐந்து பேர் ஒன்றாக வருவார்கள். சில சமயம் பத்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். எடைபோடுபவர் சும்மா இருந்த அந்தப் பத்து நிமிடத்தைச் சேமித்து வைத்து, பிறகு கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. எனவே திறனுக்குள் ஆட்கள் வந்தாலும் வரிசை உருவாகிறது.

இந்தச் சிக்கலைக் கணித முறையில் முதலில் ஆராய்ந்தவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய இவர், தொலைபேசி அழைப்புகள் தாறுமாறான இடைவெளிகளில் வருவதைக் குறித்து 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எத்தனை கம்பித் தடங்கள் இருந்தால் அழைப்பவர்கள் அதிகம் காத்திருக்க வேண்டியிராது என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே இன்று எர்லாங் என்று பெயர். அவர் தொடங்கிவைத்த துறைதான் வரிசைக் கோட்பாடு என்று வளர்ந்திருக்கிறது.

இக்கோட்பாட்டின் மிக எளிய சூத்திரம் ஒன்றை மட்டும் இங்கே காண்போம். ஒரே ஒரு இடத்தில் சேவை நடக்கிறது. ஆட்கள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது. அப்போது ஒருவர் வந்து, காத்திருந்து, வேலை முடிந்து வெளியேற ஆகும் சராசரி நேரம்:

1 ÷ (சேவைத் திறன் − வருகை)

நம் கடையின் திறன் மணிக்கு 30. மணிக்கு 15 பேர் வந்தால், 1 ÷ 15 மணி, அதாவது 4 நிமிடம். மணிக்கு 24 பேர் வந்தால் 10 நிமிடம். மணிக்கு 27 பேர் வந்தால் 20 நிமிடம். மணிக்கு 29 பேர் வந்தால் ஒரு மணி நேரம்! வருகை 27-இலிருந்து 29 ஆக உயர்ந்தது. காத்திருப்போ மூன்று மடங்காகிவிட்டது. வருகை திறனுக்குச் சமமானால் வகுக்கும் எண் சுழியாகிவிடுகிறது. அதற்கு மேல் சூத்திரமே செல்லாது. வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

காலை ஒன்பது மணிக் கணக்கு

இப்போது கடையை விட்டுச் சர்வருக்கு வருவோம். ஒரு சர்வர் நொடிக்கு 1,000 கேள்விகளுக்கு விடை கொடுக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நொடிக்கு 500 கேள்விகள் வரும்வரை, ஒவ்வொன்றுக்கும் 2 மில்லிநொடிதான் ஆகும். ஆனால் எட்டு லட்சம் மாணவர்களும், அவர்களுடைய மாமா, சித்தப்பா, ஆசிரியர் என்று மேலும் ஒரு லட்சம் பேரும் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டால் என்ன ஆகும்? 9 லட்சத்தை 600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 1,500. சர்வரின் திறனோ 1,000. ஒவ்வொரு நொடியும் 500 கேள்விகள் தேங்குகின்றன. பத்து நிமிட முடிவில் 3 லட்சம் கேள்விகள் வரிசையில் நிற்கும்.

இதன் பிறகு நடப்பதையும் கவனியுங்கள். பத்து நிமிடத்துக்குப் பின் ஆர்வம் தணிந்து, நொடிக்கு 400 கேள்விகளே வருவதாகக் கொள்வோம். அப்போது சர்வருக்கு நொடிக்கு 600 கேள்விகள் தீர்க்கும் திறன் மிச்சமிருக்கிறது. தேங்கிய 3 லட்சத்தையும் தீர்க்க 500 நொடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். ஒன்பது மணிக்குத் தொடங்கிய நெரிசல் ஒன்பதே கால், ஒன்பது இருபதுக்குள் தானே கரைந்துவிடுகிறது.

ஆனால் நடைமுறையில் நெரிசல் இன்னும் நீள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நாமேதான். விடை வரவில்லை என்றதும் நாம் மீண்டும் பொத்தானை அழுத்துகிறோம். முதல் கேள்வியை நாம் கைவிட்டுவிட்டது பல சமயங்களில் சர்வருக்குத் தெரிவதில்லை. அது வரிசைப்படி அந்தப் பழைய கேள்விக்கும் விடை தேடுகிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத விடை அது. நம் புதிய கேள்வியோ வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. எல்லாரும் மும்முறை அழுத்தினால் நொடிக்கு 1,500 என்பது 4,500 ஆகிறது. அவசரப்பட்டு அழுத்துவதால் நமக்கும் தாமதம்; பின்னால் இருப்பவர்களுக்கும் தாமதம்.

பொறியியல் வல்லுநர்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு சர்வருக்குப் பதில் பல சர்வர்களை வைத்து, வரும் கேள்விகளைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். படங்கள் இல்லாத, சுருக்கமான பக்கமாக விடையை அமைக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் முடிவை வெளியிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு காலை நேரத்துக்காக மிகப் பெரிய ஏற்பாட்டைச் செய்துவைத்தால் மற்ற நாட்களில் அது வீணாகக் கிடக்கும். ஆகவே எவ்வளவு பெருக்கினாலும் முதல் சில நிமிடங்களில் ஓரளவு நெரிசல் ஏற்பட இடமுண்டு.

கேட்காமலே வரும் விடை

இந்த நெரிசலிலிருந்து பெரிதும் விலகி நிற்பது குறுஞ்செய்தி. பள்ளியில் நீங்கள் கொடுத்த கைபேசி எண்ணுக்குத் தேர்வு முடிவு குறுஞ்செய்தியாகவும் அனுப்பப்படுகிறது. இதில் நாம் கேள்வி கேட்பதில்லை. விடை தானாக நம்மைத் தேடி வருகிறது. அனுப்புபவர்கள் தங்களுக்கு ஏற்ற வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பலாம். உங்கள் கைபேசி அணைந்திருந்தால் செய்தி மையத்தில் அது காத்திருந்து, பின்பு வந்து சேரும். ஊரில் இல்லாதவரின் கடிதத்தைத் தபால்காரர் வைத்திருந்து கொடுப்பதைப் போன்றது இது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160, தமிழ் எழுத்துக் குறிகளானால் 70 அடங்கும். ஆறு மதிப்பெண்களுக்கு இது தாராளம். எனவே பள்ளியில் கொடுத்திருக்கும் எண் இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசியே இல்லாத வீடுகளுக்கும் வழி உண்டு. உங்கள் பள்ளியில் முடிவு தெரியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் இயங்கும் தேசியத் தகவலியல் மையங்களிலும், மைய நூலகங்களிலும் கிளை நூலகங்களிலும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்து வந்திருக்கிறது. 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் என்னும் அரசின் மின்னணுப் பெட்டகத்திலும் மதிப்பெண்களைப் பெறலாம்.

திரை என்ன சொல்கிறது?

தாமதத்தின்போது திரையில் வரும் வாசகங்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். "தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தால், முகவரியில் எழுத்துப் பிழை இருக்கலாம். அல்லது உங்கள் கைபேசிக்கே இணைய இணைப்பு இல்லை. "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால், கேள்வி போயிற்று, குறித்த நேரத்துக்குள் விடை வரவில்லை என்று பொருள். 503 என்ற எண்ணோடு "சேவை கிடைக்கவில்லை" என்று வந்தால், சர்வருக்குக் கைநிறைய வேலை இருக்கிறது. இம்மூன்றிலும் உங்கள் மதிப்பெண்ணை யாரும் இன்னும் எடுத்துப் பார்க்கவேயில்லை.

"பதிவெண் அல்லது பிறந்த தேதி தவறு" என்று வருவது மட்டும் வேறு வகை. இங்கே சர்வர் உங்கள் கேள்வியைப் படித்துவிட்டது. ஆனால் நீங்கள் தட்டியது பொருந்தவில்லை. இதற்கும் தோல்வி என்று பொருளில்லை. நுழைவுச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் கொடுங்கள். பிறந்த தேதி வீட்டில் சொல்வதாக இல்லாமல் பள்ளிப் பதிவேட்டில் உள்ளதாக இருக்கவேண்டும். நம் ஊரில் இரண்டும் வேறுபடுவது புதிதன்று!

பதிவெண் இருக்கும்போது பிறந்த தேதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பதிவெண்கள் தொடர்ச்சியாகக் கொடுக்கப்படுபவை. உங்கள் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த மாணவரின் எண் வந்துவிடும். ஆகவே பிறந்த தேதி ஒரு பூட்டுப் போல உதவுகிறது. ஆனால் அது வலுவான பூட்டன்று. ஒரு வகுப்பில் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள். மூன்று ஆண்டுக்கு 1,095 நாட்கள்தானே? எனவே பதிவெண்ணும் பிறந்த தேதியும் உள்ள நுழைவுச் சீட்டைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவைக்காதீர்கள். அடுத்தவர் மதிப்பெண்ணை அவருக்கு முன்பே பார்க்கவும் முயலாதீர்கள். அந்தச் செய்தியை முதலில் அறியும் உரிமை அவருடையது.

முகவரியைப் படிக்கும் முறை

முடிவு வரும் நாளில் போலித் தளங்களும் தலைகாட்டும். அசலை அறிய ஒரு வழி இருக்கிறது. இணைய முகவரியின் பெயர்ப் பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம் அஞ்சல் முகவரியில் தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம் அல்லவா? இணைய முகவரியும் அப்படித்தான். ‘டிஎன்ரிசல்ட்ஸ்.என்ஐசி.இன்’ என்ற முகவரியில், கடைசியில் உள்ள ‘இன்’ இந்தியாவைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள ‘என்ஐசி’ தேசியத் தகவலியல் மையம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் முகவரி ‘டிஜிஇ.டிஎன்.கவ்.இன்’ என்பதில் உள்ள ‘கவ்.இன்’ அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுவது. இவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் முடியும் பெயரைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் ‘என்ஐசி’ என்று எழுதிவிட்டு முடிவில் வேறு பெயரை ஒட்டியிருந்தால் அது போலி. முடிவைக் காட்டப் பணமோ, வங்கி விவரமோ, கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணோ கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

மதிப்பெண் வந்த பிறகு

திரையில் பார்த்ததைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சான்றிதழாகாது. தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் பின்னர் முறைப்படி கிடைக்கும். ஒரு பாடத்தில் மதிப்பெண் எதிர்பாராத வகையில் குறைந்திருந்தால், பிளஸ் டூ மாணவர்கள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகலைப் பார்த்தபின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இதற்குரிய நாட்கள் மிகக் குறைவு. எனவே அறிவிப்பை அன்றே படித்துவிடுங்கள். தேறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறிவிட்டால் ஓர் ஆண்டு வீணாகாமல் மேற்படிப்பைத் தொடர வழி உண்டு.

2017-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். வீட்டிலும் இதே நோக்கம் இருக்கவேண்டும். பெற்றோர்களே, அந்தக் காலை நேரத்தில் பிள்ளையைத் தனியாகத் திரைமுன் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் முதலில் சாப்பிட வையுங்கள். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாணவர்களே, மனம் மிகவும் உடைந்துபோனால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நண்பரிடமோ உடனே சொல்லுங்கள். தமிழ்நாடு அரசின் 104, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதம் முடிவு வெளியாகும் நாளில், ஒன்பது மணிக்குப் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். வரவில்லையென்றால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்திருங்கள். நீங்கள் எழுதிய விடைத்தாள் எப்போதோ திருத்தி முடிந்துவிட்டது; அந்த இருபது நிமிடத்தில் அதில் ஒரு மதிப்பெண் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.